அழகர் ஆனை காவேரிக்கு ஏன் போச்சு? மழலைப் பாட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் தெப்பக்குளம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப் பழைய விளையாட்டுகளும் பாட்டுகளும் சொல்லித் தருகிறோம். பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை. பாடிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு ஓடிவிடும். கேட்பதெல்லாம் கூட வரும் அப்பா அம்மா, அப்பத்தா, அம்மாச்சிமார்தான். "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று ஆரம்பித்து, வாட்ஸ்அப்பில் வந்த சரித்திரக் கதை வரைக்கும் போவார்கள். ஒரே சந்தேகத்துக்கு வாராவாரம் பதில் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

1. இந்தப் பாட்டெல்லாம் யாருங்க எழுதுனது?

'நிலா நிலா ஓடி வா', 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு', 'கைவீசம்மா கைவீசு', 'ஆனை ஆனை அழகர் ஆனை' போன்றவற்றுக்கு எழுதியவர் என்று ஒரு பெயர் கிடையாது. பாடின ஒவ்வொருத்தரும் ஒரு சொல்லை மாற்றி, ஒரு வரியை விட்டு, ஒன்றைச் சேர்த்து அடுத்தவருக்குக் கொடுத்தது.

ஆனால் பாட்டி பாட்டு என்று நாம் நினைக்கும் சில பாட்டுகளுக்கு ஆள் உண்டு. 'தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு' கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை எழுதியது. 'மாம்பழமாம் மாம்பழம்' அழ. வள்ளியப்பாவுடையது. பாடப்புத்தகம் வழியாக வீடு வீடாகப் போய், எழுதியவர் பெயர் மறந்துவிட்டது. பிரித்துப் பார்க்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். மேலூரில் பாடினாலும் திருமங்கலத்தில் பாடினாலும் ஒரு எழுத்து மாறாமல் வந்தால், அது பெரும்பாலும் புத்தகத்திலிருந்து வந்தது. ஊருக்கு ஊர் வரி மாறினால் வாய்வழி வந்தது. எப்போதும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன்; ஆனால் பலமுறை பலித்திருக்கிறது.

2. எத்தனை வருசப் பழசு? ஆயிரம் வருசம் இருக்குமா?

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு நிலாவைக் காட்டிக் கூப்பிடும் வழக்கம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. சந்தேகமே வேண்டாம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த பெரியாழ்வார், யசோதை கண்ணனுக்கு நிலாவைக் கூப்பிட்டுக் காட்டுவதாகவே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். பின்னால் பிள்ளைத்தமிழ் என்று ஒரு நூல்வகை வந்தபோது, அதன் பத்துப் பருவங்களில் ஒன்று, பிள்ளையோடு விளையாட நிலாவைக் கூப்பிடும் அம்புலிப் பருவம். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரையில் திருமலை நாயக்கர் முன்னிலையில் அரங்கேற்றிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழிலும் அம்புலி உண்டு. மீனாட்சியே சிறுபிள்ளையாக வந்து முத்துமாலை போட்டாள் என்ற கதை அந்த அரங்கேற்றத்தில் நடந்ததாகத்தான் சொல்வார்கள்.

ஆனால், 'மலை மேலே ஏறி வா, மல்லிகைப்பூ கொண்டு வா' என்று நாம் இன்று பாடும் சொற்களுக்கு அந்த வயதைக் கொடுக்க முடியாது. நாட்டுப்பாட்டுகளைச் சேகரித்து அச்சிடும் வேலையே 19-ஆம் நூற்றாண்டில்தான் சூடுபிடித்தது. சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டது 1871-ல். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' வந்தது 1964-ல். 19-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் எந்த அப்பத்தாவின் வாயிலும் யாரும் தாளைக் கொண்டுபோய் நீட்டவில்லை.

3. தாலாட்டும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. தாலாட்டு தூங்க வைக்க, இது விழித்திருக்கிற பிள்ளையோடு விளையாட. தாலாட்டில் 'மாமன் அடிச்சாரோ மல்லிகைப்பூச் செண்டாலே' என்று அம்மா தன் பிறந்த வீட்டுப் பெருமையை நீட்டி முழக்குவாள். அது பிள்ளைக்குப் புரிய வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாமியாருக்குப் புரிந்தால் போதும். மழலைப் பாட்டில் அந்த அரசியல் எல்லாம் இல்லை. கையை வீசு, ஆடு, தட்டு என்று பிள்ளையின் உடம்பைப் பார்த்துப் பேசும்.

4. 'நண்டூருது நரியூருது'ன்னா என்ன அர்த்தம்? நண்டுக்கும் நரிக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் அந்த விளையாட்டைப் பார்ப்போம். பிள்ளையின் உள்ளங்கையை விரித்து, நம் முழங்கை முட்டியை அதில் வைத்துப் 'பருப்பு கடை' என்று சுற்றுவோம். கடைந்ததை விரல் விரலாகப் பங்கு வைப்போம்: இது அப்பாவுக்கு, இது அம்மாவுக்கு, இது மாமாவுக்கு. கையைக் கழுவி ஊற்றுவோம். அப்புறம் நம் இரண்டு விரல் மணிக்கட்டிலிருந்து மெல்ல நடக்க ஆரம்பிக்கும். 'நண்டூருது... நரியூருது...' விரல் முழங்கையைத் தாண்டுவதற்கு முன்பே பிள்ளை தோளைக் காதோடு சேர்த்து இடுக்கிக்கொள்ளும். அக்குளுக்குப் போனதும் கிச்சுக்கிச்சு.

'ஊருது' என்ற சொல் அங்கே நேரத்தை நீட்டுவதற்காக நிற்கிறது. விரல் மெதுவாகப் போக வேண்டும், பிள்ளை காத்திருக்க வேண்டும். நண்டு என்று எடுத்த வாய் அடுத்து ந-வில் தொடங்கும் ஒரு பிராணியைத் தேடியது, நரி கிடைத்தது. மோனை, அவ்வளவுதான். வயலில் நண்டு வளையை நரி தேடிப் போகும் என்பது நிஜம்தான். நரி நண்டு தின்னும். வயக்காட்டுப் பெரியவர்கள் அதைச் சொல்லி விளக்குவார்கள், கேட்க நன்றாகவும் இருக்கும். ஆனால் அது தெரியாத பிள்ளைக்கும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. இந்தப் பாட்டுகளில் பாதிக்கு மேல், என்ன செய்யச் சொல்கிறதோ அதுதான் அர்த்தம். மீதிக்கு ஓசைதான் காரணம். கீழே பல கேள்விகளுக்கு இதே பதிலைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்லப் போகிறேன்.

5. சாய்ந்தாடம்மாவுல குத்துவிளக்கைச் சாய்ஞ்சாடச் சொல்றாங்களே, விளக்கு சாயலாமா? அபசகுனமில்ல?

சாய்வது விளக்கு இல்லை, பிள்ளை. 'சாயக்கிளியே சாய்ந்தாடு, குத்துவிளக்கே சாய்ந்தாடு, கோயில் புறாவே சாய்ந்தாடு' என்று பிள்ளையைத்தான் கிளி, விளக்கு, புறா என்று கொஞ்சுகிறார்கள். வீட்டுக்கு விளக்கு என்று பெண்பிள்ளையைச் சொல்வது நமக்குப் புதுசா?

இந்தப் பாட்டைப் பெரும்பாலும் பிள்ளை உட்காரப் பழகும் மாதங்களில் பாடுவார்கள். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று பெயர். கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடும் பிள்ளையைப் பாடுவது. ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி. 'சாய்ந்தாடு', 'கைவீசு' இரண்டும் அதே வயதில், அதே வேலையைச் செய்கின்றன. புலவர் பாட்டிலிருந்து பாட்டி எடுத்தாளா, பாட்டியிடமிருந்து புலவர் எடுத்தாரா என்றால் நான் பாட்டி பக்கம்தான். தொல்காப்பியம் 'குழவி மருங்கினும் கிழவதாகும்' என்று இலக்கணம் சொல்வதற்கு முன்பே யாரோ பிள்ளையைக் கொஞ்சியிருக்க வேண்டும் அல்லவா?

6. 'ஆனை ஆனை அழகர் ஆனை'ன்னு பாடுறோம். அழகர் வர்றது தங்கக் குதிரையில. ஆனை எங்கிருந்து வந்துச்சு?

மதுரைக்காரர்கள் மட்டும் கேட்கும் கேள்வி இது. வேறு ஊரில் யாருக்கும் உறுத்தாது. முழுப் பாட்டு எங்கள் பக்கம் இப்படி:

ஆனை ஆனை அழகர் ஆனை
அழகரும் சொக்கரும் ஏறும் ஆனை
கட்டிக் கரும்பை முறிக்கும் ஆனை
காவேரித் தண்ணியைக் கலக்கும் ஆனை
குட்டி ஆனைக்குக் கொம்பு முளைச்சுதாம்
பட்டணமெல்லாம் பறந்தோடிப் போச்சுதாம்

சித்திரையில் ஆற்றில் இறங்கும் அழகருக்குத் தங்கக் குதிரை, பிறகு சேஷ வாகனம், தேனூர் மண்டபத்தில் கருட வாகனம். ஆனை நமக்குச் சட்டென்று ஞாபகம் வராததற்கு அதுதான் காரணம். சொக்கருக்கு ஆனை பொருந்தும்: திருக்கல்யாணத்தன்று இரவு சுவாமி யானை வாகனத்திலும் அம்மன் ஆனந்தராயர் பூப்பல்லக்கிலும் வருவதை மாசி வீதியில் நின்று பார்த்திருப்பீர்கள். தவிர, கோயில் வாகனங்கள் சித்திரை மாதத்தோடு முடிந்துவிடுவதில்லை. பெருங்கோயில்கள் பெரும்பாலானவற்றில் யானை வாகனம் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆனை, அழகர்: இரண்டுக்கும் அகர ஆகார மோனை. ஆனையில் தொடங்கியதால் அழகர் வந்தார். குதிரையில் தொடங்கியிருந்தால் வேறு சாமி வந்திருப்பார்.

7. சரி, அழகர் நம்ம சாமி, சொக்கர் நம்ம சாமி. அப்போ வைகையை விட்டுட்டுக் காவேரியை ஏன் கலக்குது?

இதற்கு இரண்டு பதில் சொல்வார்கள். பாட்டு தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் பிறந்து இங்கே வந்தபோது அழகரும் சொக்கரும் ஏறிக்கொண்டார்கள் என்பது ஒன்று. இங்கே பிறந்து அங்கே போனபோது காவேரி ஒட்டிக்கொண்டது என்பது இன்னொன்று. இரண்டு பக்கமும் இந்தப் பாட்டு இருக்கிறது; எது முதல் என்று காட்டும் ஏடு இல்லை.

எனக்கு மூன்றாவது பதில்தான் பிடித்திருக்கிறது. மூன்றாம் வரி 'கட்டிக் கரும்பை' என்று தொடங்குகிறது. நான்காம் வரி 'கா' என்று தொடங்கி 'கலக்கும்' என்று போகிறது. அந்த இடத்தில் 'வைகைத் தண்ணியை' என்று பாடிப் பாருங்கள், வாய் தடுக்கும். அடுத்த இரண்டு வரியிலும் இதே கதைதான்: குட்டி, பட்டணம், எதுகை. வைகையில் தண்ணீர் இல்லாததால் காவேரிக்குப் போய்விட்டது என்று ஒரு தாத்தா சொன்னார். எங்கள் கூட்டத்தில் அதிகக் கைதட்டல் வாங்கிய விளக்கம் அதுதான்.

8. கரும்பு முறிக்கிற ஆனைன்னா கல்லானைக் கதைதானே? எங்க தமிழய்யா அப்பவே சொன்னாரு.

சொல்லத் தோன்றும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள 64 படலங்களில் ஒன்று 'கல்லானைக்குக் கரும்பு அருத்திய படலம்'. சொக்கநாதர் சித்தராக வந்து, அபிடேக பாண்டியன் பார்க்கக் கல்யானையைக் கரும்பு தின்ன வைத்த கதை. மதுரையில் பிறந்த யாருக்கும் ஆனை, கரும்பு, சொக்கர் மூன்றும் ஒரே பாட்டில் வந்தால் இந்தக் கதைதான் முன்னால் வந்து நிற்கும்.

ஆனால் பாட்டைத் திரும்பப் படியுங்கள். கல் இல்லை, சித்தர் இல்லை, பாண்டியன் இல்லை. இருப்பது ஆனையும் கரும்பும் மட்டும். எந்தக் கோயில் யானைக்கு முன்னாலும் ஒரு கழி கரும்பை நீட்டினால் அது முறிக்கத்தான் செய்யும். அந்தப் படலம் பாட்டைப் பிறப்பித்தது என்று சொல்வதை விட, மதுரைக் காதுகளில் இந்தப் பாட்டு இனிக்க அந்தப் படலம் ஒரு காரணம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஒத்தக்கடை யானைமலையை இழுத்து வருபவர்களுக்கும் இதே பதில்.

9. அழகரும் சொக்கரும் சேர்ந்து வர்றதால திருமலை நாயக்கருக்குப் பிந்தின பாட்டுன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றாரே?

அவர் சொல்வதன் தர்க்கம் இது: திருமலை நாயக்கர் (1623-1659) காலத்தில்தான் மீனாட்சி கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் ஒரே விழாவாகச் சேர்க்கப்பட்டன, அதற்கு முன் அழகர் தேனூருக்குப் போனார், ஆகவே இரண்டு பேரையும் ஒன்றாகச் சொல்லும் பாட்டு அதற்குப் பிந்தியது. கேட்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அழகர் இருக்கும் திருமாலிருஞ்சோலையும் சொக்கர் இருக்கும் ஆலவாயும் நாயக்கருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சாமிகள் இரண்டை ஒரு வரியில் சேர்க்க ஒரு பாட்டிக்கு ராஜாவின் உத்தரவு எதற்கு?

10. ரிங்கா ரிங்கா ரோசஸ் பிளேக் நோயில செத்தவங்களைப் பத்தின பாட்டாமே? பிள்ளைங்களைப் பாட விடலாமா?

தாராளமாகப் பாடட்டும். 1665-ல் லண்டனில் பரவிய பிளேக் என்றும், ரோஜா வளையம் தோல் தடிப்பு, பூச்செண்டு நாற்றத்துக்கு, தும்மல் அறிகுறி, கடைசியில் விழுவது சாவு என்றும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாட்டு இங்கிலாந்தில் அச்சில் வந்தது 1881-ல், கேட் கிரீன்அவே படம் வரைந்த புத்தகத்தில். நடுவில் 200 வருஷத்துக்கு மேல் இடைவெளி. பிளேக் விளக்கம் பரவலானதோ இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. பழைய வடிவங்கள் பலவற்றில் தும்மலே கிடையாது. மழலைப் பாட்டுகளுக்கென்றே 1951-ல் பெரிய அகராதி தொகுத்த ஓப்பி தம்பதியரும் இந்தக் கதையை ஏற்கவில்லை.

'ஜாக் அண்டு ஜில்' பிரெஞ்சு ராஜா பதினாறாம் லூயியின் தலை போன கதை என்பதும் இப்படித்தான். அவர் தலை போனது 1793-ல். பாட்டு அதற்கு முன்பே அச்சில் வந்துவிட்டது.

11. ஹம்டி டம்டி முட்டையா, பீரங்கியா?

பாட்டில் இரண்டும் இல்லை. முட்டை என்ற சொல்லே வராது, பார்த்துக்கொள்ளுங்கள். அது ஒரு விடுகதை; முட்டை அதன் விடை. விடை எல்லோருக்கும் தெரிந்துபோனதால் விடுகதை என்பது மறந்துவிட்டது. 1871-ல் வந்த லூயிஸ் கரோலின் இரண்டாவது ஆலிஸ் கதையில் முட்டையாகவே படம் போட்டார்கள். அதோடு உருவம் நிலைத்துவிட்டது. ஹம்டி டம்டி என்பது ஒரு பீரங்கியின் பெயர் என்ற கதை 20-ஆம் நூற்றாண்டில் கிளம்பியது.

12. 'ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூப் பூத்துச்சாம்' தாது வருசப் பஞ்சத்துப் பாட்டுன்னு படிச்சேன். ஒரு பூவுக்கு ஒரு குடம் தண்ணின்னா வறட்சிதானே?

1876 முதல் 1878 வரை மதுரைச் சீமையும் தாதுப் பஞ்சத்தில் பட்ட பாடு உண்மை. அதற்கென்று கும்மிப் பாட்டுகளே உண்டு. அவை பஞ்சத்தைப் பெயர் சொல்லி, விலைவாசி சொல்லிப் புலம்பும். பஞ்சத்தைப் பாட நினைத்தவர்கள் ஒளித்துப் பாடவில்லை.

இந்தப் பாட்டில் இரண்டு பேர் கைகோத்து வளைவு மாதிரி நிற்க, மற்றவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு கீழே நுழைந்து போவார்கள். ஒரு குடத்துக்கு ஒரு பூ, இரண்டு குடத்துக்கு இரண்டு பூ, இப்படிப் பத்து வரை. பத்தாவதில் கை இறங்கும், அகப்பட்டவர் அகப்பட்டார். குடமும் பூவும் எண்ணிக்கைக்காக வருபவை. நிஜமாகவே வறட்சிக் கணக்கு என்றால், பத்துக் குடத்துக்குப் பத்துப் பூ பூத்திருக்காது.

இதுவும் பிளேக் கதையும் (10) ஒரே ஜாதி. குழந்தைகள் சிரித்துப் பாடும் பாட்டுக்குள் சாவு ஒளிந்திருக்கிறது என்றால் உடனே பத்துப் பேருக்கு அனுப்பத் தோன்றுகிறது. 'இது எண்ணிப் பழகும் பாட்டு' என்பதை யார் அனுப்புவார்கள்?

13. 'குலைகுலையா முந்திரிக்கா' 400 வருசத்துக்கு மேல பழசா இருக்க முடியாதாமே? முந்திரி போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததுதானே?

கெட்டிக்காரக் கேள்வி. கொட்டை முந்திரி பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் வந்தது உண்மை. ஒரு பாட்டில் வரும் பொருளை வைத்து 'இதற்கு முன் இருந்திருக்க முடியாது' என்று கணக்கிடுவது நல்ல வழியும்கூட. ஆனால் இங்கே அது வழுக்குகிறது. பழந்தமிழில் முந்திரிகை என்றால் திராட்சை. மலையாளத்தில் இன்றைக்கும் முந்திரி என்றால் திராட்சைதான். குலைகுலையாகத் தொங்குவதும் திராட்சைக்கு நன்றாகவே பொருந்தும். ஆகவே அந்த ஒரு காயை வைத்து வயது சொல்ல முடியாது.

அடுத்த வரிகளையும் சேர்த்துப் பாருங்கள்: 'நரியே நரியே சுத்தி வா', 'கொள்ளையடிச்சவன் எங்கிருக்கான்?', 'கூட்டத்தில இருக்கான் கண்டுபிடி'. வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு கேள்வி, சுற்றி ஓடுகிறவர் ஒரு பதில். திரித்த துணியை யார் முதுகுக்குப் பின்னால் போட்டார் என்பதுதான் கொள்ளை. எந்த ஜமீனிலும் எந்தக் களவும் போகவில்லை.

14. கீழடியில விளையாட்டுச் சாமான் கிடைச்சிருக்கே. அப்போ பாட்டும் அந்தக் காலத்துதானே?

கீழடியில் பகடைக்காய்களும் சுடுமண் வட்டச்சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. வைகைக் கரையில் சங்க காலத்தில் ஆட்டம் ஆடியிருக்கிறார்கள் என்பதற்கு அது கைமேல் சாட்சி. ஆடும்போது வாயை மூடிக்கொண்டு ஆடியிருக்க மாட்டார்கள் என்றும் நம்பலாம். ஆனால் சில்லு மண்ணுக்குள் கிடக்கும், பாட்டு கிடக்காது. இரண்டாம் பதிலில் சொன்ன பிரிவினைதான் இங்கேயும்: ஆட்டத்தின் வயது வேறு, இன்று பாடும் சொற்களின் வயது வேறு.

15. யூடியூப்ல ஒரு மாதிரி வருது, எங்க அப்பத்தா வேற மாதிரி பாடுது. எது சரி?

உங்கள் அப்பத்தா. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 'மழை வருது மழை வருது நெல்லு அள்ளுங்க' என்று ஒரு பாட்டு. காயப்போட்ட நெல் நனையுமே என்ற பதற்றம் முதல் வரியிலேயே இருக்கிறது. 'முக்காப்படி அரிசி போட்டு முறுக்குச் சுடுங்க, ஏரோட்டுற மாமனுக்கு எண்ணி வையுங்க, சும்மா இருக்குற மாமனுக்குச் சூடு வையுங்க' என்று முடியும். சோழவந்தான் பக்கம் 'அள்ளுங்க', வேறு சில ஊர்களில் 'குத்துங்க'. அள்ளினால் மழைக்கு முன் களத்து வேலை. குத்தினால் மழைக்காலத்தில் வீட்டுக்குள் முறுக்குக்கான ஏற்பாடு. இரண்டும் முழுசாகப் பொருந்துகின்றன. இதில் ஒன்றை அசல் என்றும் ஒன்றைப் பிழை என்றும் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

காணொளிகளில் கடைசி வரியை மாற்றிச் சும்மா இருக்கும் மாமனுக்கும் முறுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது யாருடைய நல்லெண்ணமோ, பாட்டின் குறும்பு போய்விட்டது. 'கைவீசம்மா'வை மாற்றுவதில் மட்டும் எனக்கு ஆட்சேபணை கிடையாது. அது மாற்றிப் பாடுவதற்கென்றே உள்ள சட்டகம். மிட்டாய், சொக்காய் எல்லாம் ஒரு காலத்தில் புதிதாக நுழைந்தவைதான். எங்கள் பிள்ளைகள் 'ஜிகர்தண்டா குடிக்கலாம் கைவீசு' என்கிறார்கள்.

16. சடுகுடுப் பாட்டுல 'நான்தாண்டா வீரன்டா நல்லமுத்துப் பேரன்டா'ன்னு வருதே, யாரு அந்த நல்லமுத்து? பாளையக்காரரா?

'நான்' என்பதற்கு மோனை 'நல்லமுத்து'. 'வீரன்' என்பதற்கு இயைபு 'பேரன்'. மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிராளி கோட்டுக்குள் போகிறவனுக்கு வேறு எந்தத் தாத்தாவும் இவ்வளவு வசதியாக இருக்க மாட்டார். நல்லமுத்து என்ற பெயரில் ஊருக்கு ஒரு பெரியவர் இருந்திருப்பதால், ஊருக்கு ஒரு குடும்பம் 'எங்க பாட்டன்தான்' என்று சொந்தம் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும்.

17. 'விடுடா துலுக்கா, விடமாட்டேன் மலுக்கா' மாலிக் கபூர் மதுரைக்குப் படையெடுத்து வந்த கதைதானே? மலுக்கான்னா மாலிக்தானே?

12-ல் சொன்ன பூப்பூத்த விளையாட்டின் முடிவு சில ஊர்களில் இப்படி. அகப்பட்ட பிள்ளை 'இம்புட்டுப் பணம் தாரேன்' என்று கையை விரித்துக் காட்டி விடச் சொல்லிக் கெஞ்சும், பிடித்தவர்கள் மறுப்பார்கள். மாலிக் கபூர் மதுரைக்கு வந்தது 1311-ல். ஆள்பிடித்துப் பணம் பேசுவது, 'மலுக்கா' என்ற ஓசை, மதுரை எல்லாவற்றையும் சேர்த்தால் கதை தானாகத் தைத்துக்கொள்கிறது.

அவிழ்த்துப் பார்ப்போம். மாலிக் கபூர் வந்தது ஒரு தடவை. அதற்குப் பிறகு 14-ஆம் நூற்றாண்டில் மதுரையைச் சுல்தான்களே ஆண்டார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் படைகள் வந்தன; 1764-ல் தூக்கிலிடப்பட்ட யூசுப்கான் மதுரையை நிர்வாகம் செய்தார். ஊர்ப்பேச்சில் இத்தனை பேரையும் ஒரே சொல்லால்தான் குறித்தார்கள். அந்தச் சொல் ஒரு படைக்காரரை நினைத்து வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அவர் எந்த நூற்றாண்டுக்காரர் என்று எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்? 'துலுக்கா' என்று ஒரு வரி முடிந்தால் அடுத்த வரிக்கு 'மலுக்கா' தேவைப்பட்டிருக்கிறது. பிடிபட்டவரை வளைவுக்குள் அடைத்து வைப்பது லண்டன் பிரிட்ஜ் விளையாட்டிலும் உண்டு. அங்கே மாலிக் கபூர் போகவில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமா என்றால், நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்லித் தருவதில்லை. எங்கள் கூட்டத்துக்கு எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒரு பிள்ளையைக் குத்தும் சொல்லை இன்னொரு பிள்ளையின் வாயில் வைக்க ஓசை நயம் ஒரு காரணம் ஆகாது. மாற்று வரியைப் பிள்ளைகளே செய்தார்கள்: 'விடுடா முறுக்கா, விடமாட்டேன் சுருக்கா'. பாட்டுகளை எழுதி வைக்கும் எங்கள் நோட்டில் மட்டும் பழைய வரி அப்படியே இருக்கிறது, எந்த ஊரில் கேட்டது என்ற குறிப்போடு.

18. எங்க அம்மாச்சி பாடுற பாட்டு ஒண்ணு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. நடுவுல ரெண்டு வரி அதுக்கே மறந்துபோச்சு. நாமளே போட்டுக்கலாமா?

முதலில் செல்போனில் பதிவு செய்யுங்கள். 'பாட்டைச் சொல்லு' என்று உட்கார வைத்தால் பாதி வராது. ஒரு பிள்ளையை மடியில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். கை ஆடும்போது வாயும் தானாக வரும், மறந்த வரியும் சிலசமயம் கூடவே வந்துவிடும். எந்த ஊரில், யாரிடம் கற்றது, பாடும்போது கை என்ன செய்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 'கண்ணாமூச்சி ரே ரே'யில் 'ரே ரே' என்றால் என்ன என்று அம்மாச்சியை மடக்காதீர்கள். சொல்லைத் திருத்தவும் வேண்டாம். 'ஊளமுட்டை' என்றால் 'ஊளமுட்டை' என்றே எழுதுங்கள்.

அப்படியும் இரண்டு வரி வரவில்லை என்றால் நீங்களே போட்டுப் பாடுங்கள். உங்கள் அம்மாச்சியின் அம்மாச்சியும் அதைத்தான் செய்திருப்பார். எழுதி வைக்கும்போது மட்டும் அம்மாச்சி வரி எது, உங்கள் வரி எது என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள்.